தொழிற்சாலையில் இன்னும் ஓடாத கேம் கருவி: மலையகத்திலிருந்து முன்பதிவு செய்யலாமா, பொறுக்கலாமா?

ஐந்தரை அங்குல ஓஎல்இடி திரை, காந்தத்தில் வேலை செய்யும் ஸ்டிக், 200 டொலரை ஒட்டிய விலை என்று புதிய கையடக்க கேம் கருவி ஒன்று அறிவிக்கப்படுகிறது. செய்துகாட்டும் வீடியோவில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முன்பதிவு திறந்தாயிற்று, பெருமளவு உற்பத்தி "விரைவில்" என்கிறார்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து இதைப் பார்ப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள். இப்போதே காசைக் கட்டிவிடுவது. காசைக் கையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் உற்பத்தித் தொகுதி வரும்வரை பொறுப்பது. ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட கருவியொன்றை வாங்குவது. கையிலிருக்கும் போனுக்கு ஒரு கண்ட்ரோலரை மாட்டிக்கொண்டு சமாளிப்பது.

கொழும்பில் இருப்பவருக்கும் இதே நான்குதான். ஆனால் பார்சல் வரும் பாதை, பழுது பார்க்கும் ஆள், கரண்ட், ஈரம் என்று ஒவ்வொன்றும் மலையேறும்போது கணக்கை மாற்றிவிடுகிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலானோருக்கு இரண்டாவது வழியே சரி, பொறுக்கும் காலத்துக்கு நான்காவதைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வழி சரிப்படும் ஆட்களும் உண்டு. அவர்கள் யார் என்பது கீழே வரும்.

"விரைவில்" என்றால் எந்தக் கட்டம்?

மாதிரி ஒன்று வேலை செய்வது வேறு, அதே தரத்தில் ஐயாயிரம் செய்து பெட்டியில் போடுவது வேறு. இரண்டுக்கும் நடுவே வழக்கமாக மூன்று சோதனைத் தொகுதிகள் உண்டு. முதலாவது பொறியியல் சோதனை: சில பத்துச் சர்க்கியூட் போர்டுகள் மட்டும் செய்து, சிப், நினைவகம், சார்ஜ் ஆகும் பகுதி எல்லாம் சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். அப்போது வெளிக்கூடு அச்சில் வார்த்ததாக இருக்காது. முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்ததாகவோ கடைந்ததாகவோ இருக்கும். வீடியோவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவது வடிவமைப்புச் சோதனை: உண்மையான அச்சிலிருந்து வந்த கூடு, கீழே போட்டுப் பார்ப்பது, சூடேற்றிப் பார்ப்பது, பொத்தானை லட்சக்கணக்கில் அழுத்திப் பார்ப்பது. மூன்றாவது உற்பத்திச் சோதனை: அதே தொழிற்சாலை வரிசையில், அதே ஆட்கள், அதே வேகத்தில் ஒரு சிறு தொகுதியைச் செய்து, நூறில் எத்தனை தேறுகின்றன என்று எண்ணுவது. இதற்குப் பிறகு வருவதுதான் பெருமளவு உற்பத்தி.

காலத்தைத் தின்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் அச்சு. இரும்புக் கட்டியைக் குடைந்து அச்சு செய்யவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் வார்ப்பின் படத்தை நிறுவனம் வெளியிட்டால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். திருகாணி ஏறும் தூண்களுக்கு நேர் மேலே, வெளிப்புறத்தில் சிறு பள்ளம் தெரிகிறதா? அந்த இடத்தில் பிளாஸ்டிக் தடிப்பாக இருந்து, ஆறும்போது உள்ளே இழுத்துக்கொண்டது. முன்கூடும் பின்கூடும் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா? அச்சின் இரண்டு பாதிகளும் சரியாக மூடவில்லை. இதையெல்லாம் சரி செய்ய இரும்பைத் திருத்த வேண்டும். இரும்பை மேலும் குடைவது சுலபம். குடைந்ததை நிரப்புவது கஷ்டம். ஆகவே கூட்டின் ஒரு பகுதியைத் தடிப்பாக்கச் சில நாள் போதும், மெலிதாக்க வேண்டுமென்றால் பற்றவைத்து மறுபடி கடைய வேண்டும். அப்படிப்பட்ட திருத்தம் ஒவ்வொன்றும் வாரக் கணக்கு. சொரசொரப்பான மேற்பரப்பை அச்சில் கடைசியாகத்தான் பொறிப்பார்கள் என்பதால், வழவழவென்று மின்னும் கூட்டின் படம் வந்தால் அச்சு இன்னும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் "அடுத்த மாதம் அனுப்புகிறோம்" என்று எழுதியிருந்தால், மூன்று மாதத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு அடுத்தபடி இழுப்பது பெட்டரி. லித்தியம் பெட்டரி விமானத்தில் ஏற ஐக்கிய நாடுகளின் 38.3 சோதனை தேறியிருக்க வேண்டும். உயரம், அதிர்வு, மோதல், வெப்பம், குறுக்குச் சுற்று என்று அதில் பல பகுதிகள். பெட்டரியை மாற்றினால் எல்லாம் திரும்பவும். வைஃபை, புளூடூத் இருப்பதால் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அங்கீகாரமும் ஐரோப்பாவின் சிஇ தரக் குறியும் வேண்டும். எஃப்சிசியின் பதிவுகள் பொதுவில் தேடக்கூடியவை. கருவியின் பெயரோ நிறுவனத்தின் குறியீடோ அங்கே தென்பட்டால் வேலை உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. அறிவிப்பு வீடியோவைவிட இந்த ஒரு பதிவுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று நாட்காட்டி. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில், அதாவது நமக்குத் தைப்பொங்கல் கழிந்த ஆறு வாரத்துக்குள் வரும். தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். எல்லாரும் அதே தொழிற்சாலைக்குத் திரும்புவதில்லை. விடுமுறைக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மாதம் மந்தம்தான். ஒக்டோபர் முதல் வாரத்திலும் தேசிய விடுமுறை. ஜனவரியில் "பெப்ரவரியில் உற்பத்தி" என்று சொல்பவர் ஒன்றில் புதியவர், இல்லாவிட்டால் நம்மைச் சமாதானப்படுத்துகிறார்.

நம்பத்தகுந்த அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும்: தட்டுத் தட்டாக அடுக்கிய நூற்றுக்கணக்கான கருவிகள் மணிக்கணக்கில் ஓடவிடப்பட்டிருக்கும் படம், தொடர் இலக்கம் ஒட்டிய அட்டைப்பெட்டிகள், தேறாதவை எத்தனை என்று ஒளிக்காமல் சொல்லும் அறிக்கை.

இதுவரை நடந்தவை

பண்டோரா என்ற திறந்தநிலைக் கருவிக்கு 2008 செப்டெம்பரில் முன்பதிவு எடுத்தார்கள். முதல் கருவிகள் வெளியே போனது 2010 மே மாதத்தில். ஸ்மாக் ஸீ என்ற கருவி 2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுநிதி திரட்டும் தளத்தில் காசு சேர்த்தது. கண்காட்சிகளில் மாதிரிகள் தலைகாட்டின. 2021இல் நிறுவனம் திவாலானது, காசு கொடுத்தவர்கள் காத்திருந்ததுதான் மிச்சம்.

எல்லாத் தாமதமும் ஏமாற்று என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மஞ்சள் நிறத்தில் கைப்பிடியைச் சுற்றி விளையாடும் பிளேடேட் நினைவிருக்கும். 2021 ஜூலையில் முன்பதிவு திறந்த 20 நிமிடங்களில் 20,000 விற்றது. முதல் 5,000 கருவிகள் தொழிற்சாலையில் முடிந்த நிலையில், சும்மா வைத்திருந்த சிலவற்றில் பெட்டரி முழுவதும் இறங்கி, கருவி எழும்ப மறுப்பதைக் கண்டார்கள். அத்தனையையும் நிறுத்தி, பெட்டரி தருபவரையே மாற்றி, 2022 ஏப்ரலில்தான் அனுப்பினார்கள். அந்தத் தாமதம் வாங்கியவருக்கு நல்லது. பண பலமுள்ள வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியே பாகத் தட்டுப்பாட்டால் 2021 டிசம்பரிலிருந்து 2022 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

பொறுத்தவருக்கு என்ன லாபம் என்பதற்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் நல்ல உதாரணம். 2017இல் வந்த முதல் வடிவம் ஒரு சார்ஜில் 2.5 முதல் 6.5 மணி நேரம் என்றது. 2019இல் சிப் மாறிய வடிவம், அதே விலைக்கு 4.5 முதல் 9 மணி நேரம் என்றது. பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சிறு நிறுவனங்களிடம் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும்: முதல் தொகுதியில் குறுக்குப் பொத்தானின் (நான்கு திசைக்கும் அழுத்தும் சிலுவை வடிவப் பொத்தான்) உயரம் தவறு, இரண்டாவதில் சரி, முதலாவதில் ஸ்பீக்கர் துவாரம் உள்ளங்கையில் மறைகிறது, இரண்டாவதில் இடம் மாறுகிறது. முதல் தொகுதி வாங்குபவர்தான் அந்தச் சோதனைக்குச் செலவு கொடுக்கிறார்.

இப்போதே கட்டினால்

முதல் வழிக்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு, அது ரூபாவின் பெறுமதி. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. 399 டொலர் விலையுள்ள ஒரு கருவிக்கு முதலில் கட்டியவருக்கு 79,800 ரூபா. மூன்று மாதம் பொறுத்தவருக்கு 143,640. போதாக்குறைக்கு அந்த ஆண்டு ஓகஸ்டில் வந்த இறக்குமதித் தடையில் பல சாமான்கள் வரவே முடியாமல் போயின. ரூபா நிலையாக இருக்கும் காலத்தில் இந்த நியாயத்துக்குப் பெரிய பலமில்லை. ஆனால் ரூபா மறுபடி சரியும் என்ற பயம் இருப்பவர், காசை ரூபாவில் வைத்துப் பொறுப்பதும் ஒரு வகைப் பந்தயம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நினைவகச் சிப்பின் விலை ஏறும் காலங்களிலும் இரண்டாம் தொகுதி கூடின விலையில் வரலாம்.

விலையைக் கணக்கிடும்போது டொலரை ரூபாவால் பெருக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கருவி 200, அனுப்புகூலி 25, டொலர் 300 ரூபா என்று வைத்தால் 67,500. சுங்கத்தில் மதிப்பிடுவது பொருள், காப்புறுதி, அனுப்புகூலி மூன்றையும் சேர்த்து. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம்; அதை மட்டும் சேர்த்தாலே 79,650 ஆகிறது. அதற்கு மேல் சுங்கத் தீர்வை, மற்ற அறவீடுகள், கூரியர் நிறுவனத்தின் அகற்றல் கட்டணம், வங்கி தன் பங்குக்கு வைக்கும் மாற்று வீதம். அனுப்புகூலியோடு திரையில் காட்டும் விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்கினால் பார்சல் வந்த அன்று கடன் கேட்டு அலைய வேண்டாம்.

எப்படிக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். விசா, மாஸ்டர் அட்டையில் கட்டிய பொருள் வராவிட்டால் வங்கியிடம் முறையிடலாம். பொதுவாக, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாளுக்குள். பேபாலில் கட்டிய நாளிலிருந்து 180 நாள். ஆனால் நிதி திரட்டும் தளங்களில் கொடுத்த பணத்துக்கு 2016 முதல் பேபால் பாதுகாப்புக் கிடையாது. கிக்ஸ்டார்ட்டரும் தான் கடை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. "இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்" என்ற மின்னஞ்சல் திரும்பத் திரும்ப வரும்போது இந்தக் கெடு நாள்களைக் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவின் அட்டையிலோ கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் அட்டையிலோ கட்டினால், முறையிடக்கூடியவரும் அவர் மட்டுமே. அவருக்கு அந்த வேலையும் சேர்த்து வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆக, முன்பதிவு யாருக்குச் சரி? அந்த நிறுவனம் ஏற்கெனவே குறைந்தது இரண்டு கருவிகளைச் சொன்ன காலத்தை ஒட்டி அனுப்பியிருக்க வேண்டும். எஃப்சிசி பதிவு இருக்க வேண்டும். கட்டணம் முழுவதும் இல்லாமல் சிறு முற்பணமாக இருந்தால் நல்லது; ஸ்டீம் டெக்குக்கு 2021இல் கேட்டது 5 டொலர்தான். கடைசியாக, ஸ்டிக் பழுதானால் கழற்றி மாற்றத் தயங்காத கை உங்களுக்கு இருக்க வேண்டும். சீட்டு விழுந்த காசை அப்படியே கொண்டுபோய் முழுக் கட்டணம் கேட்கும் புது நிறுவனத்திடம் கொடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

பார்சல் மலையேறும் பாதை

தபாலில் வரும் வெளிநாட்டுப் பார்சல் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். வயர்லெஸ் உள்ள கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்டு நிறுத்திவைக்கவும் இடமுண்டு. விலைச்சிட்டை, கட்டணம் செலுத்திய ஆதாரம், கருவியின் விவரப் பக்கம், அடையாள அட்டைப் பிரதி ஆகிய நான்கையும் ஒரே கோப்பாகப் போனில் வைத்திருங்கள். கேட்ட அன்றே அனுப்பினால் பாதித் தலைவலி குறையும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அட்டைக் கூற்றிலுள்ள தொகையும் சிட்டையிலுள்ள தொகையும் ஒத்துப்போகாவிட்டால் பொருள் அங்கேயே கிடக்கும்.

முகவரி அடுத்த சிக்கல். லயத்தில் வீட்டுக்குத் தனி இலக்கமோ தெருப் பெயரோ இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் போகிறது, அங்கிருந்து கைமாறி வருகிறது. சுங்க அறிவித்தல் வந்த விஷயமே கெடு முடிந்த பிறகு தெரியவரும் ஆபத்து உண்டு. டவுனில் தெரிந்த கடை, வேலை செய்யும் இடம் என்று ஒரு நிலையான முகவரியை, அவர்களின் சம்மதத்தோடு, கொடுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். தொலைபேசி இலக்கம், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பகலில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். கூரியர்காரர் ஒருமுறை இரண்டுமுறைதான் அழைப்பார்.

இங்கேதான் முதல் தொகுதியின் உண்மையான விலை தெரிகிறது. பழுதான கருவியைத் திருப்பி அனுப்பச் சொன்னால், பெட்டரியோடு கூடிய ஒரு பொருளை நுவரெலியாவிலிருந்து சீனாவுக்கு அனுப்ப வேண்டும். லித்தியம் பெட்டரி என்றதும் மறுப்பவர்கள் பலர். ஏற்பவர் கேட்கும் கூலி கருவியின் விலையில் பெரும் பங்கைத் தொடும். ஆகவே ஒரு வருட உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் கிடைப்பது அவர்கள் அனுப்பும் உதிரிப் பாகம் மட்டுமே. மாற்றுவது நம் வேலை.

டுபாயிலோ கட்டாரிலோ இருந்து விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லி எடுப்பது பலருக்கும் பழக்கமான வழி. கடைக்கு வந்துவிட்ட கருவிக்கு அது நல்ல வழிதான். முன்பதிவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் கருவி வரும் திகதியும் அவருடைய லீவும் ஒன்றாக அமைவது அபூர்வம். கொண்டுவரும்போது கைப்பையில் வைப்பதே நல்லது. பெட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை தடையில்லை. ஸ்டீம் டெக்கின் எல்சிடி திரை வடிவத்துக்கு அது 40, ஓஎல்இடி வடிவத்துக்கு 50.

இப்போது கிடைப்பவை

மலிவு வரிசையில் ஆன்பர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் போன்ற கருவிகள். 3.5 அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளிகள், ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி நினைவகம், 3300 மில்லியம்பியர்-மணி பெட்டரி. முதல் பிளேஸ்டேஷன் வரைக்கும் உள்ள பழைய கருவிகளின் கேம்கள் சுத்தமாக ஓடும். பிஎஸ்பி, ட்ரீம்காஸ்ட், நிண்டெண்டோ 64 ஆகியவற்றில் இலேசானவை ஓடும், கனமானவை திணறும். 100 டொலருக்குக் கீழே முடிந்துவிடும்.

இவற்றோடு பெட்டியில் வரும் மெமரி கார்ட் பெயர் தெரியாத தயாரிப்பு. கருவிக்கு முன் அது போய்விடும். வந்த அன்றே கார்டைக் கழற்றி, கணினியில் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருளால் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். பிறகு நம்பகமான 64 ஜிபி கார்டில் எட்ச்சர் என்ற மென்பொருள் கொண்டு அதை எழுதுங்கள். கார்ட் துளை இரண்டு இருந்தால் இயங்குதளத்தை ஒன்றிலும் கேம்களை மற்றதிலும் வைப்பது நல்லது; ஒன்று போனாலும் மற்றது தப்பும். ஆயிரக்கணக்கில் ஏற்றி விற்கப்படும் கேம்கள் உரிமையில்லாப் பிரதிகள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சார்ஜ் ஏறவில்லை என்று இந்த வரிசைக் கருவிகளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி-சி துளையில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் தடைகளைச் சில மலிவுக் கருவிகளில் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜர் மின்னோட்டத்தையே தராது. பழைய அகல முனை ஒரு பக்கமும் சி மறுபக்கமும் உள்ள கேபிள், 5 வோல்ட் 2 அம்பியர் சாதாரண சார்ஜர் போதும்.

நடு வரிசையில் பாவித்த ஸ்விட்ச் லைட். 2019இல் வந்தது, 5.5 அங்குலம், 3 முதல் 7 மணி நேரம், டிவியில் போட முடியாது. இதன் ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் நகர்வு பதியும் வியாதி பிரசித்தம், ஆனால் ஸ்டிக் பட்டைக் கேபிளில்தான் இணைந்திருக்கிறது. மூன்று கால் திருப்புளி இருந்தால், போன் பழுது பார்க்கும் கடைக்காரர் பற்றவைக்காமலேயே மாற்றிவிடுவார். பாவித்ததை வாங்கும்போது, கடையில் நின்றபடியே போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷொப்பைத் திறக்கச் சொல்லுங்கள். நிண்டெண்டோ தடை செய்த கருவி அங்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஈஷொப்பில் இலங்கை இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கும் பரிசு அட்டையும் தேவை. நாங்கள் கார்ட்ரிட்ஜ் பக்கம் சாய்வோம்: முடித்ததும் விற்கலாம், டேட்டாவும் தின்னாது.

மேல் வரிசை ஸ்டீம் டெக். இலங்கையில் நேரடி விற்பனை இல்லை. இங்கே கிடைப்பது கொண்டுவந்து விற்பதுதான். பாகங்களும் பிரித்து மாற்றும் வழிகாட்டியும் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் மூலம் அதிகாரபூர்வமாகக் கிடைப்பது பெரிய பலம். ஆனால் ஒரு பெரிய கேம் 60, 80 ஜிபி இறங்கும். பைபர் இணைப்பு எட்டாத தோட்டங்களில் இரவு டேட்டா பெக்கேஜையே நம்ப வேண்டும்; கேம்களின் அப்டேட்டுகள் இரவு 12 மணிக்குப் பிறகு இறங்கும்படி, கருவியிலுள்ள கேம் கடையான ஸ்டீமிலேயே நேரம் குறித்து வைக்கலாம். ரயிலில் விளையாட நினைப்பவர், வீட்டில் இணையம் இருக்கும்போதே ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து, முதல் திரை வரும்வரை விட்டு, பிறகு ஆஃப்லைனுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் நானுஓயாவில் ஏறி, பதுளைப் பாதைச் சுரங்கங்களுக்குள் சிக்னல் தேடிப் பயனில்லை.

போனுக்கு மாட்டும் கண்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாக: புளூடூத்தைவிட யூஎஸ்பி-சியில் நேரே செருகும் நீளும் வகை நல்லது, தாமதம் குறைவு, தனி பெட்டரியும் இல்லை. போன் உறை கழற்ற வேண்டுமா, சார்ஜ் துளை நடுவில் இருக்கிறதா, விளையாடிக்கொண்டே சார்ஜ் செய்யும் துளை கண்ட்ரோலரில் உண்டா என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். புதிய கருவி வந்த பிறகும் இது வீணாகாது. இரண்டாம் தொகுதிக்குப் பொறுப்பவருக்கு இதையே சொல்கிறோம்.

கரண்டும் ஈரமும்

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களில் இடி மின்னல் இருக்கும்போது சார்ஜில் போட்டு விளையாடக் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வரும் கணத்தில் வோல்டேஜ் துள்ளுவதும் மலிவு சார்ஜர்களைக் கொல்கிறது. வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

பவர் பேங்க் கணக்கு பலரை ஏமாற்றும். 20,000 மில்லியம்பியர்-மணி என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மாற்றத்தில் இழப்புப் போகக் கையில் வருவது 60 சொச்சம். ஸ்டீம் டெக் எல்சிடியை ஒன்றரை முறை நிரப்பும், அதுவும் பவர் பேங்க் 45 வாட் பிடி (பவர் டெலிவரி எனும் வேகச் சார்ஜ்) வகையாக இருந்தால். சாதாரண 10 வாட் வகையில் செருகினால் விளையாடும் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்சின் பெட்டரி வெறும் 12 வாட்-மணிதான். 10,000 பவர் பேங்கே இரண்டு முறைக்கு மேல் நிரப்பும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் சின்னக் கருவிக்கு இது பெரிய சாதகம்.

மழைக்காலம் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர். பதுளைப் பக்கம் ஆண்டின் இறுதியும் ஜனவரியும். ஈரத்தில் முதலில் கெடுவது ரப்பர் போன்ற மென்பூச்சு. அது ஈரத்தை உறிஞ்சி, ஒன்றிரண்டு ஆண்டில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். புதிய கருவியின் விளம்பரத்தில் "மென்மையான தொடுகை" என்று பெருமையடித்தால் நமக்கு அது குறைதான். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே மேல். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் பொத்தானுக்குக் கீழுள்ள தொடுமுனைகளில் பூஞ்சணம் பிடிக்காது. குளிரில் பையிலிருந்து எடுத்த கருவியை அடுப்படிச் சூட்டில் உடனே இயக்காமல், அதில் படியும் நீர்த்துளிகள் உலரக் கால் மணி நேரம் விடுங்கள்.

பொறுப்பது என்றால்

முதல் தொகுதி கைகளுக்குப் போய் மூன்று மாதம் விடுங்கள். முதல் வாரத்து விமர்சனங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்த கருவியைப் பற்றியவை. எட்டாவது, பத்தாவது வாரத்தில் வரும் முறைப்பாடுகளைப் படியுங்கள்: தோள் பொத்தான் பழுது, சார்ஜ் துளை ஆட்டம், திரை ஓரத்தில் மஞ்சள். ஒரே முறைப்பாடு வெவ்வேறு நாட்டவரிடமிருந்து வந்தால் அது வடிவமைப்புக் கோளாறு. பிறகு விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "இப்போது அனுப்புவது எந்தத் தொகுதி, அந்தப் பாகம் மாறியிருக்கிறதா?" எழுத்தில் வரும் பதிலைச் சேமித்து வையுங்கள். சிறு நிறுவனங்கள் இரண்டாம் தொகுதி செய்யாமலே அடுத்த கருவிக்குத் தாவிவிடுவதும் உண்டு. அப்படிக் கைவிட்ட கருவிக்கு உதிரிப் பாகமும் மென்பொருள் திருத்தமும் தொடர்ந்து வராது என்பதால், கிடைக்காமல் போனதில் பெரிய நட்டமில்லை.

வந்ததும், விற்பவர் முறைப்பாடு ஏற்கும் நாள்களுக்குள், பெட்டியைத் திறப்பதை ஒரே வீடியோவாக எடுத்துச் சோதியுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புத் திரையில் செத்த புள்ளிகள். ஸ்டிக்கை விளிம்போடு சேர்த்து மெல்லச் சுற்றும்போது திரையில் வட்டம் நசுங்குகிறதா, விட்டதும் நடுவுக்கு வருகிறதா. குறுக்குப் பொத்தானில் இடது பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி விரலை மேலும் கீழும் உருட்டுங்கள். இலேசாக உருட்டினாலே மூலைத் திசை விழுந்தால் பொத்தானின் நடுத்தூண் குட்டை. முழுச் சார்ஜில் அணைத்து இரண்டு இரவு வைத்து எத்தனை வீதம் இறங்குகிறது என்றும் பாருங்கள்.

ஓடர் கொடுக்கும்போதே ஒரு சோடி ஸ்டிக்கும் பொத்தானுக்கு அடியில் வரும் ரப்பர் தாளும் சேர்த்து எடுங்கள்; சில டொலர்தான், அதே பார்சலில் அதே அனுப்புகூலியில் வந்துவிடும். பெட்டரியைத் தனியாக வரவழைப்பது கஷ்டம் என்பதால், உள்ளே இருப்பதன் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் முதல் முறை திறக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். இரண்டு, மூன்று வருடம் கழித்து அது வீங்கினால், அந்த மூன்று அளவோடும் 3.7 வோல்ட் என்ற குறிப்போடும் கண்டியிலோ புறக்கோட்டையிலோ உள்ள பாகக் கடையில் கேட்டால் பொருந்தும் ஒன்று அகப்படும். வயர்களின் நிற வரிசை மாறியிருக்கலாம். செருகுவதற்கு முன் மீற்றரில் நேர்முனையைப் பார்த்துவிட்டே செருகச் சொல்லுங்கள்.